வட்டைவிதானையின் இடது கால்

சீழுக்கும் புழுவுக்கும் புஸ்பம் மிஸி முகம் சுளித்ததை யாரும் கண்டதில்லை. பதினேழு வருசமாக ஒப்பரேஷன் தியேட்டரில் நிற்கிற தாதி. காலையில் அழுகின காயமொன்றைக் கழுவிவிட்டு, மத்தியானம் அதே கையால் மீன் சொதியைச் சோற்றில் பிசைந்து ருசித்துச் சாப்பிடுவாள். அவளுக்குக் குமட்டுவது சாமித்தம்பியின் மைப்பெட்டியைக் கண்டால்தான்.

சாமித்தம்பி ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டின் அற்றெண்டன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, தோணியில் கிடத்திக் கொண்டுவருகிற காயக்காரரை வாட்டு வாசலிலேயே மறிப்பான். ஒரு மிடறு தண்ணி கொடுக்க முன்னம் இடது கையைப் பிடித்து இழுப்பான். பெருவிரலை நீல மையில் அமத்தி, ஒரு தாளின் அடியில் குத்துவான். அதுதான் ஒப்பரேஷனுக்குச் சம்மதம் சொல்லும் தாள். சிங்களத்திலும் இங்கிலீசிலும் அச்சடித்தது. என்ன ஒப்பரேஷன் என்று எழுதும் இடம் வெறுமையாகக் கிடக்கும். அதை டொக்டர்மார் பிறகு தங்கள் வசதிக்கு நிரப்பிக்கொள்வார்கள்.

"அந்தக் கரையாக்களுக்கு எழுத்து ஏது மிஸி? ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்த வெளிக்கிட்டா விடிஞ்சிரும்" என்பான் சாமித்தம்பி. வாயில் எப்பவும் வெற்றிலை. எழுதப் படிக்கத் தெரிந்த வாத்தியார் வந்து விழுந்தாலும் அவனுக்குக் கைநாட்டுத்தான்.

சீ, இதுவும் ஒரு ஆஸ்பத்திரியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேட்கிறவர்கள் முதலில் புஸ்பத்தைத்தான் கேட்கவேண்டும். சண்டை தொடங்கின நாளிலிருந்து அந்த நீல விரலைப் பார்த்து, சரி, சம்மதம் இருக்கிறது என்று தலையாட்டி, கத்தியை எடுத்து நீட்டினவள் அவள்தான். ஆச்சிப்பிள்ளை என்ற பெண் கண் விழிக்கும்வரை அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

ஆச்சிப்பிள்ளை வெள்ளாமை வெட்டப் போய் மிதிவெடியில் கால் வைத்தவள். பெண்கள் வாட்டிலும் அதே பழக்கம்தான். மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். அழவில்லை. பக்கத்தில் நின்ற புஸ்பத்தை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மிஸி, என்ட கால எங்க வச்சிருக்கிறீங்க? பத்திரமா வச்சிருங்க. திருப்பி வச்சுக் கட்டலாம்தானே?"

ஒருத்தருமே அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்நேரம் அந்தக் காலை ஆஸ்பத்திரிப் பின்வளவில் புதைத்துவிட்டு, இரண்டு தொழிலாளிகள் குந்தியிருந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் நித்திர கொள்ளுங்க" என்று மட்டும் புஸ்பம் சொன்னாள். பிறகு துணி வைக்கும் அறைக்குள் போய்ச் சத்தி எடுத்தாள். தன்னுடைய கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கைதானே எலும்பு அறுக்கிற வாளை எடுத்துக் கொடுத்தது?

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்தது. நாளைக்கு யார் யாருக்கு ஒப்பரேஷன் என்று பார்த்து, பின்னேரம் வேலை முடிந்த கையோடு வாட்டுக்குப் போவாள். ஒவ்வொரு கட்டிலாக இருந்து, கையைப் பிடித்து, "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போறாங்க தெரியுமா?" என்று கேட்பாள். பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குப் பிழையாகத் தெரியும். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மேட்ரனுக்கு அது பிடிக்கவுமில்லை.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் கனகசிங்கம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். நிழலுக்கும் சலாம் போடுகிற மனுசன்.

"உனக்கு ஏன்கா இந்தத் தேவையில்லாத வேல? தியேட்டருக்குள்ள நிக்கத்தானே சம்பளம் தாறான். கல்லடிப் பாலத்தில ஆமி செக்கிங் தொடங்க முன்னம் வந்து சேருற வழியப் பாரு."

"நீங்க ஃபைலத் தட்டுறீங்க. நான் மனுசர வெட்டக் கொடுக்கிறன். ரெண்டும் ஒண்டா?" என்பாள் புஸ்பம். மனுசன் பேப்பரை விரிப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசியில் வந்து சேர்ந்தார் வினாயகமூர்த்தி. படுவான்கரையில் ஒரு பெரிய வயல்வட்டைக்கு அவர்தான் விதானை. எந்த வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் தண்ணி என்று தீர்மானிக்கிறவர். விடியலில் வரம்பேறினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நடைதான் அவருடைய உத்தியோகம். மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரம் ஷெல் விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து சதை பிய்ந்துபோனது. பாதை மூடியிருந்ததால் மூன்று நாள் அந்தக் கரையிலேயே கிடந்தார். வாட்டுக்கு வந்தபோது கட்டிலில் இருந்து மூன்று முழம் தள்ளி நின்றாலும் மணத்தது.

புதன்கிழமை பின்னேரம் புஸ்பம் போனபோது மனுசன் மருந்துப் பெட்டி மட்டையொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். யார் யாருக்குத் தண்ணி என்ற வரிசை. கீழே சுழித்துச் சுழித்து ஒரு ஒப்பம்.

"ஆஸ்பத்திரியில கிடந்தும் தண்ணி விடுறீங்களா?" என்று புஸ்பம் சிரித்தாள்.

"என்ட ஒப்பம் இல்லாட்டி மண்வெட்டியால அடிபடுவானுகள் மிஸி. கால் சுகமானா நானே போய் நிப்பன். நாளைக்குப் புண்ணக் கழுவுறதாமே? சாமித்தம்பிதான் சொன்னவன்."

அவள் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். நாற்றம் நாற்றம்தான். ஆனால் பாதம் சூடாக இருந்தது. பெருவிரல் நகத்தை அமத்திவிட்டாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பி வந்தது. விரலை ஆட்டச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். செத்த சதையை வெட்டி எடுத்து, எலும்பை நேராக்கி, நாளுக்கு மூன்று தரம் கழுவிப் பார்த்தால் நிற்கக்கூடிய கால் அது என்று அவளுக்குப் பட்டது. நிச்சயம் என்று சொல்ல அவள் டொக்டரில்லை. எழும்பிப் போய்த் தியேட்டர்க் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். மூன்றாவது பேர் வினாயகமூர்த்தி. இடது கால், முழங்காலுக்குக் கீழே வெட்டி அகற்றல்.

சேர்ஜன் அருமைநாயகம் கொழும்பிலிருந்து மாதத்துக்கு இரண்டு கிழமை வந்துபோகிறவர். தமிழர்தான். அந்த ஊர் நோயாளிகளோடு ஒரு சொல் தமிழ் பேசமாட்டார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு முன் பதினொரு பேரை முடிக்கவேண்டும் அவருக்கு. கழுவிக் காப்பாற்ற ஒன்றரை மணித்தியாலம் போகும். வெட்டித் தள்ள அரை மணித்தியாலம் போதும். விசிட் வந்தபோது கட்டில் காலடியில் நின்று, மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு, கட்டை அவிழ்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார். மூக்குக்கு இருந்த மரியாதை அந்த மனுசனுடைய காலுக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை வினாயகமூர்த்தியை மேசையில் கிடத்தினார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் நஸீறா, காத்தான்குடிப் பிள்ளை, படித்து முடித்து இரண்டு வருசம் ஆகவில்லை. ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். புஸ்பம் அவருடைய நோய்க்குறிப்பு டிக்கெட்டைப் புரட்டினாள். சம்மதத் தாளின் அடியில் நீலமாக ஒரு பெருவிரல்.

அவள் டிக்கெட்டை மூடாமலே நிமிர்ந்தாள்.

"டொக்டர், கொஞ்சம் பொறுங்க" என்று நஸீறாவை மறித்தாள். பிறகு சேர்ஜனைப் பார்த்துச் சொன்னாள். "சேர், இவர் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள். இந்தக் கைநாட்டு வெறும் தாளில எடுத்தது. கால் வெட்டுறது இவருக்குத் தெரியாது."

அருமைநாயகம் கை கழுவிக்கொண்டு நின்றார். திரும்பவே இல்லை. "சிஸ்டர், உங்கட வேலை இன்ஸ்ட்ருமென்ட் தாறது."

"தரமாட்டன் சேர்."

தியேட்டரில் அப்படியொரு சொல் அதுவரை விழுந்ததில்லை. தண்ணிக் குழாயைப் பூட்டிவிட்டு அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "அழுகல் ஏறிச் செத்தா நீங்களா பொறுப்பு? நீங்க எத்தின காலப் படிச்சிருக்கிறீங்க?"

"நான் ஒண்டும் படிக்கல்ல சேர். தொட்டுப் பாத்தனான். நீங்க தொடவே இல்ல."

ஐயோ, அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று கனகசிங்கம் பிறகு ஆறு மாதம் புலம்பினார். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் புஸ்பமாக இருந்திருக்கமாட்டாள்.

நஸீறா ஊசியைத் தட்டில் வைத்தாள். "சேர், ஆளுக்குத் தெரியாம நான் மயக்கமாட்டன். அவரிட்டயே கேட்டிருவம்" என்றாள். தமிழரும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்ட அந்த வருசங்களில் அந்தப் பிள்ளை காத்தான்குடியிலிருந்து வேலைக்கு வந்து போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். எந்தப் பக்கமும் ஆள் இல்லாதவள் வாய் திறந்தாள். இத்தனை வருசம் வேலை பார்த்த மேட்ரன் கண்ணாடிக்கு அப்பால் நின்று நிலத்தைப் பார்த்தாள்.

புஸ்பம் மேசையருகே குனிந்தாள். சேர்ஜன் கால் வெட்டவேண்டும் என்கிறார், விட்டால் அழுகல் ஏறி உயிர் போகலாம் என்கிறார், அது பொய்யில்லை என்று முதலில் அதைச் சொன்னாள். பிறகு பாதம் சூடாக இருப்பதையும், நகத்தில் இரத்தம் திரும்புவதையும், கழுவிப் பார்க்கலாம் என்று தனக்குப் படுவதையும் சொன்னாள்.

மனுசன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "கழுவத்தானே சொன்னவன்?" என்றார். பிறகு, "நீங்க சொல்லுங்க மிஸி. என்ன செய்ய?"

"நான் சொல்ல மாட்டன். கால் உங்கட. உயிரும் உங்கட."

"வரம்பில ஒத்தக் காலால எப்பிடி நடக்கிறது?" அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "கழுவுங்க. ஏலாமப் போனா அப்ப என்னட்டக் கேட்டுப்போட்டு வெட்டுங்க."

புதுத் தாள் கொண்டுவந்தாள். புண்ணைக் கழுவ மட்டும் சம்மதம் என்று வினாயகமூர்த்தி தமிழில் தன் கையாலேயே எழுதி, படுத்தபடியே சுழித்து ஒப்பம் போட்டார். அருமைநாயகம் கழுவினார். அவருக்கு வேலை தெரியாது என்று சொல்லமுடியாது, நல்ல கை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிப் புஸ்பத்தின் காலடியில் எறிந்துவிட்டுப் போனார்.

அடுத்த ஒன்பது நாள் புஸ்பத்துக்கு நித்திரை இல்லை. நான்காம் நாள் காய்ச்சல் ஏறி மனுசன் பிதற்றத் தொடங்கியபோது, நான்தான் இந்த மனுசனைக் கொல்லுகிறேனோ என்று பயந்துபோனாள். நாளுக்கு மூன்று தரம் தானே கழுவிக் கட்டினாள். இரண்டு சின்ன விரல் கறுத்தது. அவரிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு அவற்றை எடுத்தார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கால் கோணல்தான், ஆனால் கால். இரண்டு மாதத்தில் பொல்லை ஊன்றிக்கொண்டு தோணி ஏறிப் போனார்.

புஸ்பத்துக்கு விசாரணை வந்தது. கால் தப்பினதைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய டொக்டரிடம் எதிர்த்துக் கதைத்ததுதான் குற்றம். சாமித்தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மிஸிக்கு வாய் கூடத்தான் என்று சாட்சி சொன்னான். அவளைத் தியேட்டரிலிருந்து எடுத்து, வெளிநோயாளர் பிரிவில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற அறைக்குப் போட்டார்கள். அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எழுதத் தெரிந்த நோயாளிகளிடம் இனிமேல் கைநாட்டு எடுக்கக் கூடாது, ஒப்பமே வாங்கவேண்டும். புஸ்பம் அதைப் படித்து, இவ்வளவாவது நடந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எவ்வளவு மடைத்தனம்!

அடுத்த வருசம் ஆவணியில் ஒருநாள் காலை மருந்து கட்டும் அறை வாசலில் பொல்லோடு வந்து நின்றார் வினாயகமூர்த்தி. ஒரு கையில் மஞ்சள் நிறத் தயிர்ச் சட்டி.

"பழைய புண்ணில ஊனத் தண்ணி வடியுது மிஸி. உள்ளுக்க ஒரு எலும்புச் சில்லு கிடக்காம். நாளைக்கு எடுக்கிறதாம். காலையிலயே வாட்டில சேந்திட்டன்."

"நல்லது. சம்மதத் தாள் தந்தாங்களா?"

"ஓம் ஓம். இப்ப கைநாட்டு இல்ல மிஸி. சாமித்தம்பி பேனையே நீட்டினான். வடிவா ஒப்பம் போட்டுக் குடுத்தன்." மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

புஸ்பம் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தாள். "அதில என்ன எழுதிக் கிடந்தது?"

"ஒண்டும் இல்ல. வெறும் தாள்தான்."

"வெறும் தாளிலயா ஒப்பம் வச்சீங்க? போன வருசம் பட்டது காணாதா உங்களுக்கு? கேட்டிருக்க வேணாமா?"

"பெரியாக்களிட்ட அப்பிடிக் கேக்கிறது மரியாத இல்லதானே மிஸி." அவர் சிரித்தார். "நீங்க தியேட்டருக்குள்ள நிக்கிறீங்க எண்ட தைரியத்தில வச்சனான்."

அவளை மாற்றினது அவருக்குத் தெரியாது. புஸ்பத்துக்கு அந்த மனுசனின் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருந்தது. சாமித்தம்பியில் வந்த அருவருப்பு, சேர்ஜனில் வந்த அருவருப்பு, எல்லாம் சேர்ந்து இப்போது அவருடைய அந்த வெள்ளைச் சிரிப்பில் போய் நின்றது. எல்லாரையும் நான் ஒருத்தி எத்தனை நாளைக்குக் காவல் காப்பது?

"நான் இப்ப அங்க இல்ல. என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்க. உங்கட காலால. வாங்க."

தயிர்ச் சட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருடைய முழங்கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றினாள். படிக்கு ஒருதரம் அவர் நின்றார். அவள் பொறுத்து நின்றாள், ஆனால் கையை விடவில்லை.

சாமித்தம்பி வாட்டு மேசையில் இருந்தான். முன்னால் அடுக்கு அடுக்காகச் சம்மதத் தாள்கள். புஸ்பத்தைக் கண்டதும் எழும்பவில்லை.

"நீங்களே கேளுங்க" என்றாள் அவள்.

வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். "தம்பி, என்ட தாளை ஒருக்கா தாங்க."

"என்னத்துக்கு?"

"பாக்க."

இங்கிலீசு தெரியாத கிழவனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, அடுக்கிலிருந்து உருவி நீட்டினான். காலையில் வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. வினாயகமூர்த்தி மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புஸ்பத்திடம் கொடுத்தார். அவள் படித்தாள். இரண்டாம் தரமும் படித்தாள்.

"என்ன எழுதிக் கிடக்கு மிஸி?"

"இடது கால், முழங்காலுக்குக் கீழே வெட்டி அகற்றல்."

மனுசன் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய டிக்கெட்டில அப்பிடித்தான் கிடந்திச்சு" என்றான் சாமித்தம்பி. "சின்ன டொக்டர் அதப் பாத்து எழுதியிருப்பார். ஒரு பிழ நடக்கிறதுதானே. இதுக்கு ஏன் ஊரக் கூட்டுறீங்க?"

ஒரு பிழை. நாளைக்குக் காலையில் அந்த ஒரு பிழையோடு மனுசனைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அடியில் அவருடைய சொந்த ஒப்பம், சுழித்துச் சுழித்து. ஒருத்தரும் குற்றவாளி இல்லை. முந்திய கைநாட்டிலாவது பலவந்தம் தெரிந்தது. இதில் அதுகூட இல்லை.

புஸ்பம் மேசையிலிருந்த அடுக்கை அப்படியே தூக்கினாள். சாமித்தம்பி எட்டிப் பிடிக்கப் பார்த்தான். வினாயகமூர்த்தி பொல்லைக் குறுக்கே நீட்டினார்.

"மிஸி, உங்களுக்கு இந்த வாட்டில வேலையே இல்ல! நான் மேட்ரனக் கூப்பிடுவன்!"

"கூப்பிடு. வர்றதுக்குள்ள வாசிச்சு முடிச்சிருவன்."

அவள் வாட்டின் நடுவில் போய் நின்றாள். இந்தத் தரம் தியேட்டர் போகாது, வேலையே போகும் என்று அவளுக்குத் தெரியும். குரலை உயர்த்தி, ஒவ்வொரு தாளாகத் தமிழில் வாசிக்கத் தொடங்கினாள். நாலாம் கட்டில், இடது கண்ணைத் தோண்டி எடுத்தல். ஐந்தாம் கட்டில், ஒன்றும் எழுதவில்லை, ஒப்பம் மட்டும். ஆறாம் கட்டில், ஒன்றும் எழுதவில்லை. ஒன்பதாம் கட்டில், வலது கையை முழங்கையோடு வெட்டி அகற்றல்.

அந்தக் கட்டில்காரர், குருக்கள்மடத்து மீன்பிடிகாரர், தன்னுடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒருதரம் மடக்கி விரித்தார். பிறகு சாரத்தை இறுக்கிக்கொண்டு எழும்பி, கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடினார்.